பதினான்காம் அத்தியாயம்

ஸெல்லெ
12 ஜனவரி 1959

அன்புள்ள ஓட்டிலியே,

உன் கிறிஸ்துமஸ் வாழ்த்தும், உன் தங்கை கேத்தெ அனுப்பிய பாதாம் மிட்டாயும் வந்து சேர்ந்தன. கேத்தெயிடம் என் நன்றியைச் சொல். இந்தக் குளிரில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது என்று நீ எழுதவே இல்லை. நான் நலம். நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி ஃப்ராவ் ஹெம்மெ வாரத்தில் நாலு நாள் முட்டைக்கோஸ் சமைப்பதைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை.

ஒரு செய்தி. என் நினைவுகளைப் புத்தகமாகப் போட ஒரு பதிப்பாளர் ஒத்துக்கொண்டிருக்கிறார். பதிமூன்று அத்தியாயம் முடிந்துவிட்டது, அவற்றின் நகல் உனக்கு வந்திருக்கும். 1910-இல் கேடட்டாகச் சேர்ந்ததிலிருந்து, முதல் போர், அலென்ஸ்டைன் முகாம், கேப்டன், மேஜர், கர்னல், பிரான்ஸில் கழுத்தில் ஏறிய சிலுவைப் பதக்கம், பிறகு கிழக்கே என் படைப்பிரிவு என்று முப்பத்தைந்து வருடச் சேவையை ஒழுங்காகக் கொண்டுவந்திருக்கிறேன். சில பகுதிகள் முன்னாள் வீரர்களின் மாத இதழிலும் வரப்போகின்றன.

ஆனால் என் குறிப்பேடுகளை ஆங்கிலேயர்கள் 1945-இல் எடுத்துக்கொண்டார்கள். தேதிகள் தடுமாறுகின்றன. நான் போர்முனையிலிருந்து உனக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் உன்னிடம்தானே இருக்கின்றன? நைஸேயிலிருந்து அகதியாக ஓடி வந்தபோதும் அந்தப் பெட்டியை நீ விடவில்லை என்று கேத்தெ சொன்னாள். அவற்றை அனுப்பி உதவு.

இத்துடன் பதினான்காம் அத்தியாயத்தின் நகல் வைத்திருக்கிறேன். நம் மகன் ஃபோல்க்மாரைப் பற்றியது. உனக்குப் பிடிக்கும்.

உன்
ஹார்ட்விக்


லூபெக்
25 ஜனவரி 1959

அன்புள்ள ஹார்ட்விக்,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. மாடிப்படி ஏறும்போது மட்டும் அதற்கு என் ஞாபகம் வருகிறது.

1939 வரைக்குமான கடிதங்களைத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன். மீதியை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புவேன். கண் மங்கிவிட்டது, மெதுவாகத்தான் ஓடும்.

உங்கள் சேவையை நானும் என் பக்கத்திலிருந்து எண்ணிப் பார்த்தேன். பதினோரு வீடு. நீங்கள் ஒரு படி ஏறும்போதெல்லாம் நான் பாத்திரங்களைச் செய்தித்தாளில் சுற்றினேன். ஒரு வீட்டு ஜன்னல் திரை அடுத்த வீட்டு ஜன்னலுக்குப் பொருந்தியதே இல்லை. நீங்கள் கேப்டன் ஆன வருடம் ஃபோல்க்மாருக்குத் தொண்டை அடைப்பான் வந்தது, நினைவிருக்கிறதா? பயிற்சி முகாமிலிருந்து தந்தி அடித்தீர்கள்: "தைரியமாக இரு." அவனுக்கா எனக்கா என்று அதில் போடவில்லை. நீங்கள் முன்பு அனுப்பிய அத்தியாயங்களில் உங்கள் குதிரையின் பெயர் மூன்று இடத்தில் வருகிறது. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை. சரி, குறையாகத்தான் சொல்கிறேன்.

பதினான்காம் அத்தியாயத்தை இரண்டு தடவை படித்தேன். "என் ஒரே மகன் மிக ஆபத்தான பணிக்குத் தானாக முன்வந்து, தன் வீரர்களுக்கு முன்னால் விழுந்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1944-இல் எனக்கு எழுதிய கடிதத்திலும் இதே வாக்கியம்தான். ஒரு வார்த்தைகூட மாறவில்லை.

அவன் கடைசியாக எனக்கு எழுதியது நாலு வரி. "அம்மா, என்மேல் கோபப்படாதே. நடந்ததை அப்பா உனக்குச் சொல்வார்." நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று அவன் நினைத்தான்? அப்போதும் கேட்டேன். "போர்க்காலம், பிறகு பேசலாம்" என்றீர்கள். இப்போது போர் இல்லையே.

ஓட்டிலியே


ஸெல்லெ
3 பிப்ரவரி 1959

அன்புள்ள ஓட்டிலியே,

பொட்டலம் கிடைத்தது. ஆனால் எனக்கு அவசரமாகத் தேவைப்படுவது 1943-ஆம் வருடக் கடிதங்கள். பதிப்பாளர் தொலைபேசியில் நெருக்குகிறார்.

ஃபோல்க்மார் எழுதியதற்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை. உன்னைக் கேட்காமல் ஆபத்தான வேலைக்குப் போனதால் நீ கோபிப்பாய் என்று பயந்திருப்பான். பழைய புண்ணைக் கிளறாதே. உடம்பைப் பார்த்துக்கொள்.

ஹார்ட்விக்


லூபெக்
8 மார்ச் 1959

ஹார்ட்விக்,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். நாலாவது இது. எழுத்து கோணலாக இருந்தால் அது கண்ணால் அல்ல.

போன ஞாயிறு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. ஐம்பது வயது இருக்கும் ஒரு மனிதர், கையில் தொப்பி. ஆல்வின் தோம்ஸ் என்று பெயர். ஹாம்பர்க்கில் டிராம் கண்டக்டர். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க பையனோட கம்பெனியில நான் சார்ஜென்ட்டா இருந்தேம்மா. மாசப் பத்திரிகையில ஜெனரல் எழுதினதப் படிச்சேன். அதுலேர்ந்து எனக்குச் சாப்பாடு இறங்கல. உங்க பையன் தானா முன்வந்து போனாருன்னு போட்டிருக்கு. அது பொய்ம்மா."

நான் காப்பி ஊற்றினேன். கேத்தெ கேக் வெட்டினாள். இரண்டும் அப்படியே ஆறிக் காய்ந்தன.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உங்களுக்குத் தெரியாதது எதுவும் இதில் இல்லை. எனக்கும் தெரிந்துவிட்டது என்று உங்களுக்குத் தெரிவதற்காக எழுதுகிறேன்.

1943 டிசம்பர் ஒன்பது. வெரெஸ்கோவோ என்று ஒரு ஊர், நாற்பது வீடு. ஊர் ஜனங்களைத் தானியக் கொட்டகையில் அடைத்துக் கதவைச் சாத்தி நெருப்பு வைக்க வேண்டும் என்று உத்தரவு. கீழே உங்கள் படைப்பிரிவின் முத்திரை. ஃபோல்க்மார் அதை இரண்டு தடவை படித்தானாம். பிறகு தனியாக ஊருக்குள் போய்விட்டுத் திரும்பி வந்தான்.

"வந்தவரு முகமே சரியில்லம்மா. 'தோம்ஸ், உள்ள ஒரு ஆம்பளகூட இல்ல. எல்லாம் பொம்பளைங்களும் புள்ளைங்களும்தான். ஒருத்தி எனக்கு வெந்த உருளைக்கிழங்கு நீட்டறா. நான் எதைக் கொளுத்தறது?'ன்னாரு. நாங்க எல்லாரும் காலையே பாத்துக்கிட்டு நின்னோம். 'திரும்புங்கடா, போலாம்'னாரு. திரும்பிட்டோம். அன்னிக்குச் சாயங்காலமே அவரைக் காவல்ல வெச்சாங்க. மறுநாள் மூணாவது கம்பெனி போய் அந்த வேலையை முடிச்சிது. ரெண்டு நாள் கழிச்சு அந்த வழியா வந்தோம். புகைபோக்கி மட்டும் நின்னுக்கிட்டிருந்திச்சு. வரிசையா."

அப்புறம் அவனுடைய தண்டனைக் காகிதம் ஒப்புதலுக்காக உங்கள் மேஜைக்கு வந்தது. நாலாம் நாள் திரும்பிப் போனது. தண்டனைப் படைக்கு மாற்றம். அதைப் படித்துக் காட்டியபோது தோம்ஸ் பக்கத்தில் நின்றிருக்கிறார்.

"ஓரத்துல பென்சில்ல எழுதியிருந்திச்சு. 'விதிவிலக்கு இல்லை.' உங்க பையன் அதை வாங்கிப் பாத்துட்டுச் சிரிச்சாரும்மா. 'அப்பா கையெழுத்துதான் தோம்ஸ். என் பள்ளிக்கூட ரிப்போர்ட்லயும் இப்படித்தான் ஓரத்துல எழுதுவாரு'ன்னாரு. அங்க கண்ணிவெடி எடுக்கற வேலை. கருவியெல்லாம் கிடையாது, பனியில தவழ்ந்து கையால தடவணும். மூணரை வாரம் தாங்கினாரு."

ஹார்ட்விக், உங்கள் பென்சில் எனக்குத் தெரியும். வீட்டில் அதைச் சீவி வைத்தது நான்.

பதினைந்து வருடம். அவன் படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, "தானாக முன்வந்தான்" என்று அக்கம்பக்கத்தாரிடம் பெருமையாகச் சொன்னேன். 1948-இல் நீங்கள் ஆங்கிலேயரின் கைதி முகாமிலிருந்து விடுதலையாகி வந்தபோது உங்களோடு ஒரே மேஜையில் உட்கார என்னால் முடியவில்லை. ஏன் என்று எனக்கே புரியவில்லை. இங்கே இடம் இல்லை, கட்டில் இல்லை என்று சாக்குச் சொன்னேன். உங்களைப் பார்த்துப் பரிதாபப்படவும் செய்தேன். அந்தப் பரிதாபத்தை இப்போது திருப்பி எடுத்துக்கொள்கிறேன்.

பதில் எழுதுங்கள். அத்தியாயம் எழுதாதீர்கள்.

ஓட்டிலியே


ஸெல்லெ
14 மார்ச் 1959

ஓட்டிலியே,

ஒரு டிராம் கண்டக்டர் உன் வரவேற்பறையில் நின்றுகொண்டு என்னை விசாரித்துத் தீர்ப்பும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீ அவருக்குக் காப்பி கொடுத்திருக்கிறாய். நல்லது.

கேட்டுக்கொள். அது போர். எங்கள் ஒரே சப்ளை சாலையில் கெரில்லாக்கள் வைத்த வெடியில் வாரத்துக்கு மூன்று வண்டி சிதறியது. என் வீரர்களின் கால்களை நான் சாக்கில் பொறுக்கியிருக்கிறேன். உத்தரவு எனக்கு மேலிருந்து வந்தது, நான் கீழே அனுப்பினேன். படை என்றால் அதுதான்.

ஃபோல்க்மாரின் காகிதம் வந்த அன்று என் அறையில் அடுப்பு இரண்டடி தூரத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதில் போட்டுவிட நினைத்தேன். நினைக்கவில்லை என்று நீ நம்பினால் உனக்கு என்னைத் தெரியவே தெரியாது. ஆனால் அந்த மாதம் அதே மாதிரி ஒன்பது காகிதம் வந்திருந்தது. மற்ற எட்டிலும் "விதிவிலக்கு இல்லை" என்றே எழுதியிருந்தேன். ஒன்பதாவதில் வேறு எழுதினால் நான் தளபதியா, அப்பனா? அவன் என் மகன் என்பதாலேயே அவனை என்னால் விட முடியவில்லை. இதை எந்தச் சிப்பாயும் புரிந்துகொள்வான்.

"தானாக முன்வந்தான்" என்று எழுதியது உனக்காக. உன் மகன் கீழ்ப்படியாமையால் தண்டிக்கப்பட்டான் என்று நைஸே முழுக்கப் பேசியிருந்தால் நீ தாங்கியிருப்பாயா? நான் உனக்கு ஒரு கௌரவத்தைக் கொடுத்தேன். அதற்குக் கிடைத்த பரிசு இந்தக் கடிதம்.

1943-ஆம் வருடக் கடிதங்களை உடனே அனுப்பு. அவை என் கடிதங்கள். தேவைப்பட்டால் வக்கீல் மூலம் கேட்பேன்.

ஹார்ட்விக்


லூபெக்
22 மார்ச் 1959

ஹார்ட்விக்,

வக்கீலிடம் போங்கள். விலாசம் மாறவில்லை, தபால்காரருக்கும் வழி தெரியும்.

எட்டு பேருக்கு எழுதியதால் ஒன்பதாவது ஆளுக்கும் எழுதினேன் என்கிறீர்கள். இது வரை எனக்கு ஒரு மகனைப் பற்றித்தான் கோபம் இருந்தது. இப்போது ஒன்பது அம்மாக்களின் கோபம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அந்த எட்டு பேர் எதற்குத் தண்டிக்கப்பட்டார்கள்? அவர்களும் எங்காவது திரும்பி நடந்தவர்களா? அவர்கள் வீட்டுக்கு என்ன வாக்கியம் எழுதினீர்கள்?

எனக்குக் கௌரவம் கொடுத்தேன் என்று இன்னொரு தடவை எழுதாதீர்கள். நம் பையன் இருபத்துமூன்று வயதில், எல்லாரும் காலைப் பார்த்துக்கொண்டு நின்ற இடத்தில், முடியாது என்றான். என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே கௌரவம் அது. அதைப் பதினைந்து வருடம் என்னிடமிருந்து ஒளித்து வைத்தீர்கள். யாரோ ஒரு கண்டக்டர் ரயில் ஏறி வந்து கொடுக்க வேண்டியிருந்தது.

இப்போது நீங்கள் கேட்கும் 1943-க்கு வருகிறேன். டிசம்பர் பதினொன்றாம் தேதிக் கடிதம் என் முன்னால் இருக்கிறது. ஏன் இதைத் தேடுகிறீர்கள் என்றும் புரிந்துவிட்டது, தேதிக்காக அல்ல. உங்கள் கையாலேயே எழுதியிருக்கிறீர்கள்:

"நேற்று வெரெஸ்கோவோ என்ற ஊரைத் துடைத்து முடித்தோம். இனிச் சாலை அமைதியாக இருக்கும். குளிர் மைனஸ் இருபது. முட்டிவரை வரும் கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. போன தடவை பின்னியது குதிகாலில் இறுக்கம்."

அன்று ஃபோல்க்மார் காவலில் இருந்தான். அவனைப் பற்றி ஒரு சொல் இல்லை. குதிகாலைப் பற்றி இருக்கிறது.

இந்தக் கடிதத்தை நான் அப்போதே படித்தேன், ஹார்ட்விக். ஊரைத் துடைத்து முடித்தோம் என்பதையும் படித்தேன். அதைத் தாண்டித்தான் காலுறைக்குப் போனேன். கடைக்குப் போய்ச் சாம்பல் நிறக் கம்பளி நூல் வாங்கினேன். இந்தத் தடவை குதிகாலில் இரண்டு கண்ணி கூட்டிப் பின்னினேன். ஒரு ஊரை எப்படித் துடைப்பார்கள், அங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நான் உங்களைக் கேட்கவில்லை, என்னையும் கேட்டுக்கொள்ளவில்லை. உங்கள்மேல் வரும் கோபத்துக்கு ஒரு முகம் இருக்கிறது, திட்டலாம். என்மேல் வரும் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் வீட்டுக்குள் நடக்கிறேன். முழங்கால்கூட வலிக்கவில்லை.

உங்கள் புத்தகத்தில் குதிரை இருக்கிறது. பதக்கம் இருக்கிறது. பிரான்ஸில் குடித்த ஒயினின் வருடம் இருக்கிறது. வெரெஸ்கோவோ எங்கும் இல்லை. "பின்புறச் சாலைகளைப் பாதுகாக்கும் நடவடிக்கை" என்று அரை வரி இருக்கிறது.

நான் கேட்பது மூன்று. ஃபோல்க்மார் என்ன செய்தான், நீங்கள் என்ன எழுதினீர்கள் என்று உள்ளபடி எழுதுங்கள். அந்த ஊரின் பெயரை எழுதுங்கள். அங்கே யாரை எரித்தீர்கள் என்றும் எழுதுங்கள். அப்படி எழுதினால் இந்தப் பெட்டி முழுவதையும் நானே தூக்கிக்கொண்டு ஸெல்லெவுக்கு வருகிறேன்.

ஓட்டிலியே


ஸெல்லெ
2 ஏப்ரல் 1959

அன்புள்ள ஓட்டிலியே,

ஈஸ்டர் அன்று தனியாகத் தேவாலயத்துக்குப் போனேன். யோசித்தேன். நாம் இருவரும் கிழவர்கள். இப்படிச் சண்டை போட்டுக்கொண்டு சாக வேண்டுமா?

ஒரு சமரசம் சொல்கிறேன். "தானாக முன்வந்து" என்பதை எடுத்துவிட்டேன். "என் ஒரே மகன் 1944 ஜனவரியில் கிழக்கே விழுந்தான்" என்று மட்டும் வைத்திருக்கிறேன். இதில் பொய் இல்லை. அவனுடைய படம் ஒரு முழுப் பக்கத்துக்கு வரும்.

மற்றதை எழுத முடியாது. அது நான் மட்டும் சம்பந்தப்பட்டதல்ல. மூன்றாவது கம்பெனித் தலைவர் இன்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியர், மூன்று குழந்தைகள். அடுத்த வருடம் என் எழுபதாம் பிறந்தநாளுக்குப் பழைய அதிகாரிகள் அறுபது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? எங்கோ கண்காணாத ஒரு ஊருக்காக?

நீயும் வா. என் பக்கத்தில் உட்கார்.

உன்
ஹார்ட்விக்


லூபெக்
6 ஏப்ரல் 1959

ஹார்ட்விக்,

அறுபது பேர் முகத்தில் விழிக்க முடியாது என்கிறீர்கள். எழுபது வயதில் உங்களுக்கு வந்திருக்கும் கவலை அது.

படம் வேண்டாம். அவன் படத்தை அந்தப் புத்தகத்தில் போடக்கூடாது. அவனைப் பெற்றவளாகச் சொல்கிறேன்.

மே மாதப் பெந்தெகொஸ்தே திருநாள்வரை காத்திருப்பேன். அதற்குப் பிறகு காத்திருக்க மாட்டேன்.

ஓட்டிலியே


ஸெல்லெ
2 ஜூன் 1959

ஓட்டிலியே,

இன்று காலை எனக்கு அழைப்பாணை வந்தது. வெரெஸ்கோவோ விஷயமாக நீதிமன்ற விசாரணை, ஹனோவரில், இருபத்துமூன்றாம் தேதி. ஃப்ராவ் ஹெம்மெதான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். இப்போது சூப் தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுப் போகிறாள். நான் அழைத்தால் பதிப்பாளர் வெளியே போயிருக்கிறார் என்கிறார் அவருடைய செயலாளர். அறுபது பேரில் நாலு பேர் ஏற்கனவே எழுதிவிட்டார்கள், உடல்நிலை சரியில்லையாம்.

என் கடிதங்களை நீ கொடுத்தாய். அதை மறுக்காதே. உன்னை இதற்கு மன்னிக்க மாட்டேன் என்று எழுதித்தான் தொடங்கினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

கவனமாகக் கேள். கடிதம் மட்டும் போதாது என்று என் வக்கீல் சொல்கிறார். அந்த எழுத்து என்னுடையது, அது எப்போது வந்தது, நான் என்ன சொன்னேன் என்று நீ சொன்னால்தான் அதற்குப் பலம். மனைவி கணவனுக்கு எதிராகச் சாட்சி சொல்ல வேண்டியதில்லை. சட்டம் உனக்கு மௌனமாக இருக்க உரிமை கொடுத்திருக்கிறது. அந்த உரிமையைப் பயன்படுத்து. ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடலாம்.

நான் உன்னிடம் எதையும் கெஞ்சிக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். உன்னால்தான் என்னைக் காப்பாற்ற முடியும். ஓட்டிலியே, நாற்பது வருடம்.

ஹார்ட்விக்


லூபெக்
9 ஜூன் 1959

ஹார்ட்விக்,

மறுக்கவில்லை. திருநாள் முடிந்த செவ்வாய்க்கிழமை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கேத்தெ பெட்டியைத் தூக்க உதவினாள். அரசு வழக்கறிஞர் சின்ன வயதுக்காரர், ஃபோல்க்மார் இருந்திருந்தால் அவரைவிட நாலைந்து வயது மூத்திருப்பான். டிசம்பர் பதினொன்றாம் தேதிக் கடிதத்தை மேஜைமேல் வைத்தேன். அவர் படித்து முடித்துவிட்டு வேறொரு கோப்பைத் திறந்தார். அங்கே எண்பத்தேழு பேர் என்றார். அதில் முப்பத்தொரு பேர் பன்னிரண்டு வயதுக்குக் கீழே. பெயர்களும் இருக்கின்றன. படிக்கச் சொன்னேன். எல்லாவற்றையும் படித்தார். எழுந்து போய்விட வேண்டும் என்று பாதியில் தோன்றியது. போகவில்லை.

உங்கள் வக்கீல் சொன்னதையேதான் அவரும் சொன்னார்.

"நீங்க அவரோட மனைவி. பேசணும்னு கட்டாயம் இல்லம்மா. பேசாம இருக்க உங்களுக்கு உரிமை இருக்கு. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"தம்பி, அந்த உரிமைய நாப்பது வருஷமா அனுபவிச்சுட்டேன்" என்றேன். "இனிமே எனக்கு அது வேண்டாம். எழுதிக்கோங்க."

அவர் எழுதிக்கொண்டார். நான் கையெழுத்துப் போட்டேன்.

உங்களை வெறுக்கிறேனா என்று கேத்தெ கேட்டாள். அலென்ஸ்டைனில் பனியில் விழுந்த என்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு தெரு நடந்த ஒரு லெப்டினன்ட்டை எனக்குத் தெரியும். அவரைக் காணவில்லை. ஒவ்வொரு படியாக ஏறிப் போய்விட்டார். மேலே உட்கார்ந்திருப்பவரை எனக்குத் தெரியாது. அவர் மேல் கோபம் மட்டும் இருக்கிறது, அது ஆறாது, ஆறவும் வேண்டாம்.

தோம்ஸும் சாட்சி சொல்ல வருகிறார். டிராம் கம்பெனியில் ஒரு நாள் விடுப்புச் சொல்லிவிட்டாராம். நானும் அவரும் காலை வண்டியில் ஒன்றாக வருகிறோம். நீங்கள் ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அதற்கு முன்னால் எழுதவும் வேண்டாம், வரும் கடிதங்களைப் பிரிக்காமல் வழக்கறிஞரிடம் கொடுக்கும்படி சொல்லியிருக்கிறார்கள், அப்படியே செய்வேன்.

இருபத்துமூன்றாம் தேதி பத்து மணிக்கு உங்களுக்கு எதிரே உட்காருவேன். அங்கே உங்களால் தலையைத் திருப்பிக்கொள்ள முடியும், காதை மூடிக்கொள்ள முடியாது. நீங்கள் எழுத மறுத்த அத்தியாயத்தை நான் வாயால் சொல்லப் போகிறேன். வெரெஸ்கோவோவிலிருந்து தொடங்குவேன்.

ஓட்டிலியே எல்லர்ப்ரோக்
ஃபோல்க்மாரின் தாய்